துருவப் பனியில் படியும் கரி: செட்டிநாட்டு அடுப்புப் புகை அங்கே போகிறதா?

2024 ஜூலை 1 முதல் ஆர்க்டிக் கடலில் கப்பல்கள் கனரக எண்ணெயை எரிபொருளாகப் பயன்படுத்தக் கூடாது என்ற தடை நடைமுறைக்கு வந்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு கொண்டுவந்த விதி அது. எண்ணெய் கொட்டினால் குளிர்ந்த கடலில் அதை அள்ள முடியாது என்பது ஒரு காரணம். அந்தக் கொழகொழ எண்ணெய் எரியும்போது கிளம்பும் கரித்தூள் பனியில் படிந்து அதை உருக்குகிறது என்பது இன்னொன்று.

இரண்டாவது காரணம்தான் பலரைக் குழப்புகிறது. புகைக்கரி பனியை உருக்கும் என்றால், இங்கே சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் எரியும் விறகடுப்பும் செங்கல் காளவாயும் சீமைக் கருவேலக் கரிமூட்டமும் அதே வேலையைத்தான் செய்கின்றனவா? காரைக்குடியில் ஒரு கல்யாண வீட்டுக் கோட்டையடுப்பு எரிந்தால் வடதுருவத்தில் பனி குறையுமா?

பெரும்பாலும் இல்லை. ஏன் இல்லை என்று புரிந்துகொண்டால், துருவத்தில் கரி என்ன செய்கிறது என்பதும் விளங்கிவிடும். கரி எவ்வளவு கிளம்புகிறது என்பதைவிட, அது எதன்மேல் போய் விழுகிறது என்பதே இங்கே முக்கியம்.

கரி வேறு, புகைக்கரி வேறு

எரிந்தபின் மிஞ்சுவதையெல்லாம் கரி என்று சொல்வது நம் வழக்கம். இந்த விஷயத்துக்கு மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. சாம்பல்: விறகில் இருந்த தாதுப்பொருள். எரியாதது, அடுப்பிலேயே தங்கும்.
2. அடுப்புக்கரி: முழுதும் எரியாத விறகு. கட்டியானது, இதுவும் கீழேயே கிடக்கும்.
3. புகைக்கரி: சுடருக்குள் உருவாகிப் புகையோடு மேலே போகும் மிக நுண்ணிய கார்பன் துகள். அறிவியல் கட்டுரைகளில் கறுப்பு கார்பன் என்று வருவது இதைத்தான்.

மூன்றாவது எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கக் கண்மை எடுக்கும் முறையே போதும். விளக்கெண்ணெய் ஊற்றித் திரி ஏற்றி, சுடர் தொடும் உயரத்தில் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். சற்று நேரத்தில் தட்டின் அடியில் பட்டுப்போல் மெல்லிய கருமை படியும். விரலால் தொட்டால் ரேகைக்குள் இறங்கிவிடும், தண்ணீர் விட்டாலும் லேசில் போகாது. சுடர் மஞ்சளாகத் தெரிவதே அந்தக் கரித்துகள்கள் பழுக்கக் காய்ந்து ஒளிர்வதால்தான். சுடரின் நுனிவரை போய்ப் போதிய காற்று கிடைத்தால் அவை முழுதும் எரிந்து கரியமில வாயுவாகிவிடும். குளிர்ந்த பித்தளை நடுவில் குறுக்கிட்டதால் எரிந்து தீராமல் தட்டில் ஒட்டிக்கொள்கின்றன. கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் காற்று முன்கூட்டியே நன்றாகக் கலந்துவிடுகிறது, அதனால் பாத்திரத்தில் கரி பிடிப்பதில்லை.

டீசல் என்ஜின், கப்பல் என்ஜின், எண்ணெய் வயலில் எரியும் வாயுச் சுடர், காட்டுத்தீ, விறகடுப்பு எல்லாவற்றிலும் நடப்பது இதுவே. ஒரு துகள் மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். தலைமுடியின் தடிமனில் நூற்றுக்கணக்கில் ஒரு பங்கு.

கரிமூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விறகை அடுக்கி, இலைதழை போட்டு, மண் பூசி, நாள்கணக்கில் சுடரே இல்லாமல் கனிய விடுகிறார்கள். அதிலிருந்து வரும் புகை வெளுப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுடர் இல்லாத இடத்தில் புகைக்கரி குறைவு. அங்கே கிளம்புவது பெரும்பாலும் கரிமப் பொருள்களின் நுண்துளிகள். கரி செய்யும் இடத்தில் கறுப்பு கார்பன் குறைவு என்பது விநோதமாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான். கண்ணுக்கும் மூச்சுக்கும் அந்த வெள்ளைப்புகையும் கெடுதல்தான், அது வேறு கணக்கு.

வெள்ளைமேல் விழுந்தால்

சித்திரை மாத உச்சி வேளையில் நம் பக்கக் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு எதிரொளிப்பு என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. கருங்கல் தளத்தில் ஓரடி வைக்க முடியாது. அதே கல்லில் வெள்ளை பெயிண்ட் அடித்த பட்டையில் நடந்து போய்விடலாம். வெயில் ஒன்றுதான், கல்லும் ஒன்றுதான். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, கறுப்பு வாங்கி வைத்துக்கொள்கிறது.

விழும் ஒளியில் எத்தனை சதவீதத்தை ஒரு பரப்பு திருப்பி அனுப்புகிறது என்பதே அதன் எதிரொளிப்புத் திறன். புதிதாகப் பெய்த பனியில் இது 80 முதல் 90 சதவீதம். உருகத் தொடங்கிய பழைய பனியில் 50, 60 சதவீதமாக இறங்கும். பனி விலகிய திறந்த கடலில் 6 சதவீதம் அளவுதான். பூமியில் இயற்கையாகக் கிடைப்பவற்றிலேயே மிக வெள்ளையான பரப்பும் மிகக் கருமையான பரப்பும் ஆர்க்டிக்கில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒன்று உருகினால் அடுத்த கணமே மற்றொன்று.

இப்போது வெள்ளையில் கொஞ்சம் கரி கலந்தால் என்ன ஆகும்? அளவைக் கவனியுங்கள். 2005 முதல் 2009 வரை ஆர்க்டிக் முழுவதும் பனி மாதிரிகளை அள்ளி அளந்தார்கள். பனியை உருக்கி வடிதாளில் ஊற்றி, தாள் எவ்வளவு சாம்பல் நிறமாகிறது என்று பார்க்கும் முறை அது. மேற்பரப்புப் பனியில் ஒரு கிராமுக்குக் கிடைத்த கறுப்பு கார்பனின் நடுமதிப்பு கிரீன்லாந்தில் 3 நானோகிராம், ஆர்க்டிக் கனடாவில் 8, நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு தீவுகளில் 13, ரஷ்யாவின் மேற்கு ஆர்க்டிக் பகுதியில் 26.

10 நானோகிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் பனிக்கு 10 மில்லிகிராம் கரி. ஒரு குன்றிமணியின் எடை சுமார் 120 மில்லிகிராம். அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பொடித்து ஒரு டன் பனியில் தூவியது போல. கண்ணுக்கு அந்தப் பனி பளிச்சென்ற வெள்ளையாகவே தெரியும்.

ஆனால் சூரிய ஒளி பனியின் மேல்பரப்பில் மட்டும் பட்டுத் திரும்புவதில்லை. பனிமணிகளுக்கிடையே புகுந்து, மணிக்கு மணி பட்டுச் சிதறி, பல சென்டிமீட்டர் ஆழம்வரை சுற்றிவிட்டுத்தான் வெளியே வருகிறது. பனிமணி ஒளியை விழுங்குவது மிகக் குறைவு. நூற்றுக்கணக்கான முறை சிதறும் ஒளிக்கதிர் வழியில் ஒரே ஒரு கரித்துகளைத் தொட்டாலும் அதோடு அதன் பயணம் முடிந்துவிடும். அவ்வளவு சொற்பக் கரி அவ்வளவு வேலை செய்வது இதனால்தான். இதை ஸ்டீபன் வாரன், வாரன் விஸ்கோம் இருவரும் 1980லேயே கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இந்த அளவிலுள்ள கரி, பழைய பனியின் எதிரொளிப்பை ஒன்றிரண்டு சதவீதப் புள்ளி குறைக்கும். ஒன்றிரண்டுதானே என்று தோன்றும். விழுங்கும் பக்கத்திலிருந்து பாருங்கள். 80 சதவீதத்தைத் திருப்பும் பனி 20 சதவீதத்தை விழுங்குகிறது. அது 22 ஆனால், விழுங்கும் வெப்பம் பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டது.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். கோடைத் தொடக்கத்தில் பனிமேல் விழும் வெயில் நாள் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 250 வாட் என்று கொள்வோம். அதில் 2 சதவீதம் 5 வாட். பனி ஏற்கெனவே உருகுநிலையில் இருந்து, கூடுதல் வெப்பம் முழுதும் உருக்கவே போனால், ஒரு நாளைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 1.3 லிட்டர் தண்ணீர். ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட மூன்று குடம். கண்ணுக்கே தெரியாத கரி, ஒரு சதுர மீட்டரிலிருந்து மூன்று குடம் தண்ணீரை எடுத்துவிடுகிறது.

ஏன் துருவத்தில் இவ்வளவு கடுமை

துருவம் என்றால் வெயிலே இல்லாத இடம் என்ற எண்ணம் நமக்கு உண்டு. பாதி ஆண்டுக்கு அது உண்மை. ஜூன் மாதத்தில் கதை தலைகீழ். சூரியன் 24 மணி நேரமும் மறைவதில்லை என்பதால், வளிமண்டலத்தின் மேல்விளிம்பில் ஒரு நாளில் வந்து சேரும் வெயிலைக் கூட்டினால் ஜூன் 21 அன்று வடதுருவத்துக்குக் கிடைப்பது காரைக்குடிக்குக் கிடைப்பதைவிட அதிகம். அவ்வளவு வெயிலையும் வெளியே திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பது அந்த வெள்ளைதான்.

எனவே கரி எந்த மாதத்தில் வந்து விழுகிறது என்பதும் முக்கியம். டிசம்பர் இருட்டில் விழும் கரி எந்தச் சூட்டையும் வாங்காது. மார்ச் கடைசியிலிருந்து ஜூன்வரை, சூரியன் திரும்பி வந்தபின்னும் பனி இன்னும் மிச்சமிருக்கும் காலம்தான் ஆபத்தானது. ரஷ்யா, கஜகஸ்தான், கிழக்கு ஐரோப்பா வயல்களில் அறுவடைக்குப்பின் நிற்கும் பழைய தாளுக்குத் தீவைப்பதும் சரியாக அந்த வசந்த காலத்தில்தான். 2006 மே மாதத் தொடக்கத்தில் கிழக்கு ஐரோப்பிய வயல்தீப் புகை ஸ்வால்பார்டு வரை போய், அங்குள்ள செப்பலின் மலை அளவீட்டு நிலையத்தில் அதுவரை காணாத மாசு அளவைப் பதிய வைத்தது.

விழுந்த கரி உருகலை எப்படித் தொடர்ந்து பெருக்குகிறது என்பதை வரிசையாகச் சொல்லலாம்:

1. கரி வெப்பத்தை வாங்கிப் பக்கத்துப் பனிமணிகளுக்குக் கொடுக்கிறது.
2. சூடேறிய பனிமணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின்றன. பெரிய மணி கொண்ட பனி இயல்பிலேயே ஒளியை அதிகம் விழுங்கும். அதாவது கரி இல்லாவிட்டாலும் இனி அந்தப் பனி முன்பைப்போல் வெள்ளை இல்லை.
3. பெரிய மணிகளுக்கிடையே ஒளி இன்னும் ஆழமாக இறங்கும். வழியில் இன்னும் அதிகக் கரித்துகளைச் சந்திக்கும்.
4. பனி உருகித் தண்ணீர் கீழே வடிகிறது, ஆனால் கரியில் பெரும்பகுதி அதோடு போவதில்லை, மேலேயே தங்கிவிடுகிறது. அரிசி களைந்த தண்ணீரை வடித்தால் கல் பானையில் நிற்பது போல. ஒரு மாதப் பனியில் பரவியிருந்த கரி இப்போது மேல் விரற்கடையில்.
5. முடிவில் பனி விலகிக் கருநிறத் தரையோ கடலோ சில நாள்கள் முன்னதாகவே வெளிப்படுகிறது. இனி கரி தேவையே இல்லை. 6 சதவீதத்தை மட்டும் திருப்பும் கடல் மற்ற வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஐந்தாவதுதான் பெரிய அடி. முதல் நான்கும் அதை முன்கூட்டி வரவழைக்கும் வேலை. 1979க்குப் பிந்தைய காலத்தில் ஆர்க்டிக், உலகச் சராசரியைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகமாகச் சூடேறியிருக்கிறது என்று 2022ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதற்கு முதன்மைக் காரணம் கரியமில வாயு முதலான பசுங்குடில் வாயுக்கள். வெள்ளை போய்க் கறுப்பு வருவது அந்தச் சூட்டைப் பெருக்கும் வழிகளில் ஒன்று. கரி அந்த வழியில் தள்ளிவிடும் கை.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சர்பத் கடையில் துருவிய ஐஸை இரண்டு வெள்ளைத் தட்டுகளில் சமமாகப் பரப்பி, ஒன்றில் மட்டும் விளக்குக் கரியைச் சிட்டிகையளவு தூவி முற்றத்து வெயிலில் வையுங்கள். எது முதலில் தண்ணீராகிறது என்பதைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மீன் கடையில் ஐஸ் பாரின்மேல் உமியையும் மரத்தூளையும் மூடி வைக்கிறார்களே, அது ஏன் உருக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். அது கனமான போர்வை, வெப்பத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. மலைப் பனியாறுகளிலும் சில சென்டிமீட்டர் கனத்துக்குக் கல்லும் மண்ணும் மூடிவிட்டால் அடியிலுள்ள பனி மெதுவாகத்தான் உருகும். மெல்லிய தூவல்தான் கேடு.

1870ல் கிரீன்லாந்தில் பயணம் செய்த அடால்ஃப் நோர்டன்ஷியால்ட் இந்த மெல்லிய தூவலின் வேலையை நேரில் பார்த்து எழுதினார். பனிப்பரப்பில் கைவிடும் அகலத்துக்குக் குழிகள், ஒவ்வொன்றின் அடியிலும் கருநிறத் தூள், மேலே தெளிந்த நீர். தூள் வெயிலை வாங்கித் தனக்குக் கீழிருந்த பனியை உருக்கிக்கொண்டே இறங்கியிருந்தது. கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்குக் கிரையோகோனைட், அதாவது குளிர்த்தூள் என்று பெயர் வைத்தார். மண்தூசி, நுண்ணுயிர், கரி எல்லாம் சேர்ந்த கலவை அது.

காற்றில் மிதக்கும்போது

பனியில் படிவதற்கு முன், ஒரு வாரம் அளவுக்குக் கரி காற்றிலேயே இருக்கிறது. அப்போது அது செய்வது உயரத்தைப் பொறுத்தது. பனிக்குச் சற்று மேலே மிதந்தால் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி, அந்தச் சூட்டைத் தரைக்கும் கொடுக்கும். மிக உயரத்தில் மிதந்தால் வெயிலை மேலேயே விழுங்கிவிடும், தரைக்கு நிழல் விழும், மேற்பரப்பு சற்றுக் குளிரக்கூடச் செய்யலாம். கரி என்றாலே சூடு என்று பொதுவாகச் சொல்ல முடியாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இந்த உயர வேறுபாடு யாருடைய புகை என்ற கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது.

யாருடைய புகை

குளிர்காலத்தில் ஆர்க்டிக்கின்மேல் குளிர்ந்து கனத்த காற்று, கவிழ்த்த கிண்ணம்போல் உட்கார்ந்திருக்கும். அந்தக் கிண்ணத்தின் விளிம்பு ஒரே வட்டமாக இருப்பதில்லை. ஐரோப்பா, ரஷ்யா பக்கம் நன்றாகத் தெற்கே இறங்கி நிற்கும். அந்த விளிம்புக்குள் இருக்கும் புகைபோக்கிகளின் கரி தாழ்வாகவே நகர்ந்து நேரே பனிக்குப் போகும். உள்ளே மழை, பனிப்பொழிவு குறைவு, கழுவி இறக்க ஆளில்லை. 1950களில் ஆர்க்டிக்மேல் பறந்த விமானிகள் வசந்த காலத்தில் பழுப்பு மூட்டத்தைக் கண்டு வியந்தார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள தொழில் நகரங்களிலிருந்து வந்து தேங்கிய புகை அது என்பது பின்னால்தான் தெளிவானது.

விளிம்புக்கு வெளியே, வெப்பமான நாடுகளிலிருந்து கிளம்பும் காற்று அந்தக் கிண்ணத்துக்குள் நுழைய முடியாது. லேசான காற்று கனத்த காற்றின்மேல் ஏறித்தான் போகும். தெற்காசியக் கரி ஆர்க்டிக்கை எட்டினாலும் பெரும்பாலும் உயரத்திலேயே மிதக்கிறது, அடியில் பனியைத் தொடுவது சொற்பம்.

ஒரே ஒரு கிலோ கரியை ஆர்க்டிக்குக்கு உள்ளேயே விட்டால், அதே கிலோவை நடு அட்சரேகைகளில் விட்டதைவிட ஆர்க்டிக் மேற்பரப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு அதிகமாகச் சூடேறும் என்று 2013ல் நார்வே ஆய்வாளர்கள் கணினி மாதிரிக் கணக்கில் காட்டினார்கள். அதே ஆண்டு வந்த இன்னொரு மாதிரிக் கணக்கு, எண்ணெய் வயல்களில் வீணாக எரிக்கும் வாயுச் சுடர்களைப் பற்றியது. உலகக் கறுப்பு கார்பனில் அவற்றின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். ஆனால் ஆர்க்டிக்கின் தரையோரக் காற்றில் ஆண்டுச் சராசரியில் 42 சதவீதம் அவற்றிலிருந்து வருகிறது என்று அந்தக் கணக்கு சொன்னது. ரஷ்யாவின் வடக்கு எண்ணெய் வயல்கள் பனியை ஒட்டியே இருப்பதுதான் காரணம். கப்பல் எண்ணெய்த் தடையின் நியாயமும் இதுவே. உலகக் கப்பல்களில் ஆர்க்டிக்கில் ஓடுபவை கொஞ்சம், ஆனால் அவை கரியை விடுவது பனியின் வாசலில்.

நம் புகை போகும் திசை

ஆர்க்டிக் கிண்ணம் அகலமாக விரிந்து புகையை உள்ளே இழுக்கும் குளிர்காலத்தில், செட்டிநாட்டில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. அதாவது நம் புகை துருவத்துக்கு எதிர்த்திசையில், இந்தியப் பெருங்கடலை நோக்கிப் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரும்பகுதி கழுவி ஊருணிக்கும் கண்மாய்க்கும் இறங்கிவிடும். கோடையில் தென்மேற்குப் பருவக்காற்றோடு இடிமேகங்கள் காற்றை உயரத்துக்குத் தூக்கும், தூக்கும்போதே மழை துகள்களை அலசிவிடும். மிஞ்சியது மேலடுக்கில் போகும்.

நம் புகை கடல்மேல் எப்படிப் பரவுகிறது என்பதை உலகுக்குக் காட்டியது 1999ல் நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வு. தெற்காசியாவிலிருந்து கிளம்பிய பழுப்புப் புகைமூட்டம் கடல்மேல் பரந்து கிடந்ததையும், அதிலிருந்த கறுப்பு கார்பன் வெயிலை விழுங்கியதையும் விமானம், கப்பல், செயற்கைக்கோள் மூலம் அளந்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் வீரபத்ரன் ராமநாதன். அவர் பொறியியல் பட்டம் பெற்றது சிதம்பரத்தில், கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலை செட்டியார் 1929ல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். புகைக்கரி பற்றி இன்று உலகம் பேசும் மொழியில் செட்டிநாட்டுப் பணத்தில் எழுந்த ஒரு வகுப்பறைக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை.

முழுக்கத் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. எங்கே மிதந்தாலும் கரி காற்றைச் சூடாக்கும், அந்தச் சூட்டில் ஒரு பங்கைக் காற்றும் கடலும் துருவம்வரை கொண்டுபோகும். கங்கைச் சமவெளியின் புகைக்கு இன்னும் அருகிலேயே பனி இருக்கிறது, இமயத்தில். துருவத்தில் நடக்கும் அதே ஐந்து படிகள் அங்கேயும் நடக்கின்றன. மூன்றாம் துருவம் என்று இமய, திபெத்தியப் பனியை அழைப்பதை இந்தப் பொருளில் எடுத்துக்கொள்ளலாம்.

பனிக்குள் இருக்கும் பழைய பேரேடு

கிரீன்லாந்தில் ஆண்டுக்கு ஓர் அடுக்காகப் பனி ஏறிக்கொண்டே போகிறது. துளையிட்டு எடுத்த பனித்தண்டில் ஒவ்வோர் ஆண்டின் கரியும் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. 2007ல் வெளிவந்த அளவீட்டின்படி, 1850 வாக்கில் ஏறத் தொடங்கிய கறுப்பு கார்பன் 1906 முதல் 1910 வரையான ஆண்டுகளில் உச்சம் தொட்டது. தொழிற்சாலைகளுக்கு முந்தைய அளவைப்போலப் பல மடங்கு. வட அமெரிக்க நிலக்கரிப் புகையே முதன்மைக் காரணம். இங்கே ரங்கூன் பணத்தில் முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக வீடுகள் எழும்பி, சுவர்களுக்கு முட்டையும் சுண்ணாம்பும் அரைத்துக் கண்ணாடிபோல் வெள்ளைப் பூச்சு பூசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கிரீன்லாந்தின் வெள்ளையில் கரி ஏறிக்கொண்டிருந்தது.

1950களுக்குப் பின் அந்தப் பேரேட்டில் கரி வேகமாக இறங்குகிறது. நிலக்கரி எரித்த முறை மாறியது, அடுத்தடுத்த அடுக்குகளிலேயே அது தெரிந்துவிட்டது. கரியமில வாயுவில் இப்படி ஓர் இறக்கத்தைப் பார்க்க முடியாது, விட்டதில் கணிசமான பங்கு நூற்றாண்டுகளுக்கு அங்கேயே நிற்கும். கரி அப்படியல்ல. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது போல ஒவ்வொரு குளிர்காலமும் புதுப்பனி பழைய கரியை மூடுகிறது. புதுக் கரி வராவிட்டால் அடுத்த வசந்தத்திலேயே வெள்ளை கூடுதல்.

தென்துருவம்

அங்கே சுருக்கமாகச் சொல்லலாம். சுற்றிலும் கடல், தொழில் நகரம் அருகில் இல்லை, பனியில் கரி பெரும்பாலும் ஒரு கிராமுக்கு ஒரு நானோகிராமுக்கும் கீழே. அன்டார்க்டிகா உருகுவதற்குக் கடல் சூடேறுவதே பெரிய காரணம், கரி அல்ல. ஆனால் ஆய்வு நிலையங்களும் சுற்றுலாக் கப்பல்கள் ஆளிறக்கும் கரைகளும் விதிவிலக்கு. அங்கே டீசல் ஜெனரேட்டரும் கப்பலும் விடும் கரி சுற்றுப்புறப் பனியில் அளக்கும்படி ஏறியிருக்கிறது. கனரக எண்ணெய்க்கு அன்டார்க்டிகாவில் 2011 ஆகஸ்டிலேயே தடை வந்துவிட்டது, ஆர்க்டிக்குக்குப் பதின்மூன்று ஆண்டு முன்னதாக.

எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை

செய்திகளில் மிகக் குழப்பும் இடம் இதுதான். 2013ல் வெளிவந்த ஒரு பெரிய மதிப்பீடு, கறுப்பு கார்பனால் பூமிக்கு ஏறும் கூடுதல் வெப்பம் சதுர மீட்டருக்கு 1.1 வாட் என்றது. கரியமில வாயுவுக்கு அடுத்த இடம். 2021ல், ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கை சொன்னதோ 0.11 வாட். பத்தில் ஒரு பங்கு. இரண்டில் ஒன்று பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கரி காற்றைச் சூடாக்கும்போது மேகங்கள் மாறுகின்றன, அந்த மாற்றம் சூட்டில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. அதைச் சரியாகச் சேர்த்ததும் எண் சுருங்கியது. இன்னும் எவ்வளவு ஐயம் இருக்கிறது என்பதை அதே அறிக்கை சொல்கிறது: சுழியத்துக்குக் கீழேயும் போகலாம், 0.4க்கு மேலேயும் போகலாம்.

பனியில் படிந்த கரிக்குத் தனிக் கணக்கு, 0.08 வாட். உலகச் சராசரியில் மிகச் சிறியது. ஆனால் பனியில் விழும் ஒரு வாட், கரியமில வாயுவின் ஒரு வாட்டைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு சூட்டைத் தருகிறது என்பது ஐபிசிசி அறிக்கைகளிலேயே உள்ள மதிப்பீடு. மேலே சொன்ன ஐந்து படிகள்தான் அதற்குக் காரணம். உலக எண்ணைக் காட்டிக் கரி ஒன்றுமில்லை என்பவரும், 2013 எண்ணைக் காட்டிக் கரியே எல்லாம் என்பவரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

குறைத்தால் என்ன கிடைக்கும்

புகையில் கறுப்பு மட்டும் வருவதில்லை. விறகுப் புகையில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெளிறிய துகள்கள் நிறைய. கரி சூடாக்குவதை அவை ஓரளவு ஈடுசெய்கின்றன. டீசல் புகையில் கறுப்பின் பங்கு மிக அதிகம், ஈடுசெய்ய எதுவும் பெரிதாக இல்லை. எனவே பருவநிலைக்கு உறுதியாகப் பலன் தருவது டீசல் கரியையும் வாயுச் சுடரையும் குறைப்பது. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் புது டீசல் வண்டிகளுக்கு பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும், புகைக்குழாயில் துகள் வடிகட்டி இடம்பிடித்ததும் அந்த வகையில் அடங்கும். ஆர்க்டிக்கை ஒட்டிய நாடுகளின் கூட்டமைப்பான ஆர்க்டிக் கவுன்சிலின் நாடுகள் 2017ல் இலக்கு ஒன்றை ஏற்றன: 2025க்குள் தங்கள் கறுப்பு கார்பனை 2013 அளவிலிருந்து 25 முதல் 33 சதவீதம் குறைப்பது. இந்தியா 2013 முதல் அந்தக் கவுன்சிலில் பார்வையாளர். ஸ்வால்பார்டில் 2008ல் திறந்த ஹிமாத்ரி நிலையத்தில் நம் ஆய்வாளர்கள் பணிபுரிகிறார்கள்.

விறகடுப்பை விட்டு கேஸுக்கு மாறுவதற்குத் துருவத்தைக் காரணம் காட்டத் தேவையில்லை. பழைய வீட்டு அடுப்படியில் வெள்ளைச் சுவர் ஆளுயரத்துக்கு மேலே கறுத்திருப்பதைப் பாருங்கள். எழுபது வயது ஆச்சி ஒருவர் அந்தக் கருமைக்குக் கீழே நின்று ஐம்பது வருடம் சமைத்திருப்பார். வீட்டுக்குள் எரியும் விறகு, சாணம், கரிப் புகையால் உலகில் 2020ல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்பு வாங்கியும், சிலிண்டர் நிரப்பக் காசில்லாமல் மறுபடி கருவேல விறகுக்குத் திரும்பும் வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டில் சமைக்கும் பெண்ணிடம் வடதுருவத்தைக் கணக்கு வைப்பது நியாயமில்லை. அவர் மூச்சுக்கான செலவை யார் ஏற்பது என்பதே அங்கே கேட்க வேண்டியது.

வடதுருவக் கணக்கு வேறிடத்தில் நிற்கிறது. 2024 தடையில் இரட்டைச் சுவர் எரிபொருள் தொட்டி உள்ள கப்பல்களுக்கு 2029 ஜூலை வரை விலக்கு உண்டு. ஆர்க்டிக் கரையோர நாடுகள் தங்கள் கொடியேற்றிய கப்பல்களுக்கு, தங்கள் கடலில் ஓடும்வரை, அதே தேதிவரை விலக்கு தந்துகொள்ளலாம். அங்கே அதிகம் ஓடுபவை அந்தக் கப்பல்கள்தான்.